வேலிக்கு வெளியே பதினொரு பேர்: ஷோர்ஹாம் விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

காலிமுகத் திடலுக்கு மேலே விமானப்படை ஒத்திகை நடக்கிற நாளில் வெள்ளவத்தையில் பாதிச் சனம் வெளியேதான் நிற்கும். மொட்டைமாடியில் சிலர், மரைன் டிரைவ் ஓரத்தில் சிலர், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கருங்கல்லில் ஏறி போனைத் தூக்கிப் பிடிக்கிற பொடியன்கள் சிலர். 2021 மார்ச்சில் விமானப்படையின் 70ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் சூர்யகிரண், சாரங் அணிகளும் தேஜஸ் விமானங்களும் வந்திருந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். காப்புறுதித் துறையில் அபாய மதிப்பீடு பார்ப்பது என் தொழில். அன்றைக்கு நான் விமானத்தைப் பார்க்காமல் ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

எண்ண வைத்தது ஷோர்ஹாம்: 2015இல் இங்கிலாந்தில் ஒரு வான்காட்சியின்போது நடந்த விமான விபத்து. பழைய விமானங்கள் பறக்கிற காட்சிகளைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருகிற கேள்வி, "இவ்வளவு பழைய மெஷினை ஏன் பறக்க விடுகிறார்கள்?" என்பதுதான். ஷோர்ஹாம் விசாரணை அறிக்கையை வரி வரியாகப் படித்தபோது அந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகிப் போனது. அங்கே பதினொரு பேரைக் கொண்டுபோனது 60 வயது விமானம்தான். ஆனால் அந்த வயது அதில் ஓர் ஓரப் பாத்திரம்.

அன்று நடந்தது

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பிரைட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய விமானத்தளம் ஷோர்ஹாம். தளத்தின் வடக்கே ஏ27 என்ற பெருவீதி ஓடுகிறது. 2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, நல்ல வெயில். பிற்பகல் 1.20 தாண்டிய நேரத்தில் ஹோக்கர் ஹண்டர் டி7 ஜெட் ஒன்று காட்சிக்குள் வந்தது. 1955இல் கட்டப்பட்ட விமானம். இரண்டு பேர் உட்காரக்கூடிய பயிற்சி வகை. அன்று உள்ளே விமானி மட்டும். அவர் முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர், பிறகு பயணிகள் விமான கப்டன். பறந்த மொத்த நேரம் 14,000 மணிநேரத்துக்கு மேல். அதில் ஹண்டரில் கழித்தது ஐம்பது மணிநேரத்தைக்கூட எட்டாது.

அவர் செய்யப்போனது லூப். கீழே வேகமெடுத்து, செங்குத்தாக ஏறி, உச்சியில் தலைகீழாகி, மறுபக்கம் இறங்கி நிமிர்கிற அந்தரக் கரணம். ஏறும்போதே சற்றுத் திருகித் திசை மாற்றிக்கொள்கிற வகை இது. இறங்கிய விமானம் நிமிர்ந்துகொண்டிருக்கும்போதே நிலம் வந்துவிட்டது. ஏ27 சந்தியில் விழுந்து தீப்பிடித்து உருண்டது. அங்கிருந்த பதினொரு பேர் இறந்தார்கள். விமானி படுகாயத்துடன் வெளியே வீசப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்.

காட்சி மைதானத்தில் டிக்கட் வாங்கி நின்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்கூடச் சாகவில்லை. இறந்த அத்தனை பேரும் வீதியில் இருந்தவர்கள். கால்பந்து விளையாடப் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், கலியாணப் பெண்ணை ஏற்றப் போன காரின் சாரதி, சைக்கிளில் வந்தவர்கள், சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்.

பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைப் பிரிவின் இறுதி அறிக்கை 2017 மார்ச் 3 அன்று வந்தது. விமானத்தில் கறுப்புப் பெட்டி கிடையாது. இவ்வளவு பழைய ஜெட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. கொக்பிட்டுக்குள் பொருத்தியிருந்த கமெராப் படங்களும் தரையிலிருந்து பொதுமக்கள் எடுத்த வீடியோக்களுமே விசாரணைக்குக் கை கொடுத்தன. படத்தில் தெரிந்த மானிகளின் முள்ளைப் பார்த்து வேகத்தையும் உயரத்தையும் மீட்டெடுத்தார்கள்.

கிடைத்த எண்கள் இவை. லூப்புக்குள் நுழையத் தேவையென்று விமானியே வைத்திருந்த வேகம் குறைந்தது 350 நொட் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.). அன்று நுழைந்தது ஏறத்தாழ 310. உச்சியில் வேண்டிய உயரம் 3,500 அடி. கிடைத்தது ஏறத்தாழ 2,700. ஏறும்போது எஞ்சின் தரக்கூடிய முழு உந்துவிசையும் இருக்கவில்லை. கரணத்தைத் தொடங்கிய உயரம் 200 அடிக்கும் கீழே. அவருடைய அனுமதிப்படி கரண வேலைகளுக்கான கீழெல்லை 500 அடி.

350க்கும் 310க்கும் இடையில் நாற்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எவ்வளவு வேகமோ அவ்வளவு உயரம் மேலே. ஆனால் அந்த உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் 310இல் உள்ள இயக்கச் சக்தி, 350இல் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஊஞ்சல் உயரம் போகாவிட்டால் குழந்தை சிணுங்கும், அவ்வளவுதான். விமானத்துக்கோ, ஏறாத ஒவ்வோர் அடியும் இறங்கும்போது கடனாக வந்து நிற்கும்.

அதற்காகத்தான் உச்சியில் ஒரு 'கேட்' வைப்பார்கள். இந்த உயரத்துக்கு மேலே இருந்தால் தொடரலாம், கீழே இருந்தால் தலைகீழ் நிலையிலிருந்து உருண்டு நிமிர்ந்து வெளியேற வேண்டும். விசாரணைக்காக ஒரு சோதனை விமானி இன்னொரு ஹண்டரில் பறந்து பார்த்தார். உச்சியைத் தாண்டி நான்கு விநாடி வரைக்கும் அப்படித் தப்பியிருக்கலாம் என்று தெரிந்தது. நான்கு விநாடி நீளமான நேரம். ஆற அமர வாயால் எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தத் தப்பும் வழியை ஹண்டரில் விமானி ஒருமுறையும் பழகியிருக்கவில்லை.

இரத்மலானையில் நிற்கிற விமானம்

கேட் தவறியதை அவர் ஏன் கவனிக்கவில்லை? அறிக்கை சில சாத்தியங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று என்னை இரத்மலானைக்கே கூட்டிக்கொண்டு போனது. இதே விமானி வேறு காட்சிகளில் ஜெட் ப்ரொவோஸ்ட் என்ற சின்னப் பயிற்சி ஜெட்டும் ஓட்டுகிறவர். அது மெதுவானது, இறக்கை நேரானது, குறைந்த வேகத்திலும் குறைந்த உயரத்திலும் லூப் போட்டுவிடும். ஹண்டருக்குள் உட்கார்ந்துகொண்டு ஜெட் ப்ரொவோஸ்ட்டின் எண்களை மனதில் எடுத்திருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் முன்வைத்த ஒரு விளக்கம்.

இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் ஜெட் ப்ரொவோஸ்ட் நிற்கிறது. 1959இல் றோயல் சிலோன் விமானப்படைக்கு வந்த ரகம். 1971 கிளர்ச்சியின்போது பறந்தது. அந்தக் காலத்தில் இரத்மலானை ஹேங்கரில் வேலை பார்த்த பெரியப்பாவைச் சில வருடம் முன்பு அங்கே கூட்டிப் போனேன். பொல்லை ஊன்றிக்கொண்டு அதன் மூக்கைத் தட்டிப் பார்த்தார். ஷோர்ஹாம் கதையை விளக்கினேன். "நீ லொறியும் ஓட்டுவாய், காரும் ஓட்டுவாய் தம்பி. லொறியாலே இறங்கி உடனே காரில் ஏறினால் முதல் பிரேக்கை எப்படி மிதிப்பாய்?" என்றார். அதற்குமேல் நான் எந்த உளவியல் கட்டுரையும் தேடவில்லை.

பழைய விமானம் என்பதன் உண்மையான சிக்கல் இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். உலகில் பறக்கிற நிலையில் ஹண்டர்கள் கொஞ்சம்தான் மிச்சம். ஒவ்வொரு மணிநேரத்துக்கும் எரிபொருள், பாகம், பொறியியலாளர் என்று செலவு கொட்டும். ஆகவே விமானிகள் அதில் அடிக்கடி பறப்பதில்லை. போர்க்காலத்தில் ஒரு படைப்பிரிவு விமானி ஒரே ரகத்தில் தினமும் பறந்து கைவசப்படுத்திய பழக்கத்தை, இன்றைய காட்சி விமானி வார இறுதிகளில், வேறு மூன்று ரகங்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. உலோகம் களைத்துப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பழக்கம் துருப்பிடிப்பதைப் பற்றிப் பராமரிப்புப் புத்தகத்தில் பக்கமே இல்லை.

உலோகத்தையும் சும்மா விட்டுவிட முடியாது, சரி. ஷோர்ஹாம் ஹண்டரிலேயே, வெளியேற்றும் இருக்கையின் வெடிமருந்துக் குப்பிகள் ஆயுள் கடந்தவை என்று விசாரணையில் வெளிவந்தது. அறிக்கை விபத்துக்குக் காரணமாக வைத்தது அதை அல்ல என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் றீனோவில் 2011 செப்டம்பர் 16 அன்று நடந்தது நேரெதிர்க் கதை. பந்தயத்துக்காக மாற்றியமைத்த பி-51 மஸ்டாங்கில் தேய்ந்துபோன பூட்டு நட்டுகளால் வால் பக்கத்துச் சிறு மடலின் திருகாணிகள் தளர்ந்தன. விமானம் பார்வையாளர் பகுதிக்குள்ளேயே விழுந்தது. விமானியோடு சேர்த்துப் பதினொரு பேர். அங்கேயும் அதே எண்.

வேலியின் எந்தப் பக்கம்

1952 செப்டம்பர் 6, ஃபார்ன்பரோ. டி ஹாவிலண்ட் 110 என்ற புதிய ஜெட் வானில் பிய்ந்து, துண்டுகள் கூட்டத்துக்குள் விழுந்தன. விமானத்திலிருந்த இருவரோடு 31 பேர் பலி. அதன் பிறகு பிரிட்டனில் விதிகள் இறுகின. கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, கூட்டக் கோட்டிலிருந்து இத்தனை தூரம் விலக வேண்டும் என்று கணக்கு வந்தது. அதற்குப் பலனும் இருந்தது. ஷோர்ஹாம் வரைக்கும் 63 ஆண்டுகள் அந்நாட்டு வான்காட்சிகளில் பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை.

ஆனால் அந்த விதிகள் காப்பாற்றியது கூட்டக் கோட்டுக்குப் பின்னால் நிற்பவரை. ஆபத்தைக் கூட்டத்திலிருந்து தள்ளி வை என்றால், தள்ளிய ஆபத்து போய் உட்காருகிற இடம் ஒன்று இருக்கும் அல்லவா? ஷோர்ஹாமில் அந்த இடத்தில் பெருவீதியும் போக்குவரத்து விளக்கும் இருந்தன. அந்தச் சந்தியில் வருடா வருடம் ஆட்கள் கூடி இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காட்சியை இயக்கியவருக்கு, விமானி எந்தக் கரணத்தை எந்த இடத்துக்கு மேலே போடப் போகிறார் என்ற முழு விபரம் முன்கூட்டியே கையில் இல்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று விதியும் கட்டாயப்படுத்தவில்லை. விமானி அனுமதிப் பத்திரம் வைத்திருக்கிறார், அதை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஏற்றிருக்கிறது, ஆகவே சரி. அதிகாரசபைக்கோ, ஏற்பாட்டாளர் அபாய மதிப்பீடு செய்திருக்கிறார், ஆகவே சரி. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். மூன்று கையொப்பம் இருக்கிற படிவத்தை மூன்று பேரும் படித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு துண்டு. 2014இல் சவுத்போர்ட் காட்சியில் இதே விமானி ஜெட் ப்ரொவோஸ்ட்டில் பறந்தபோது, காட்சி இயக்குநர் றேடியோவில் "நிறுத்து" என்று சொல்ல நேர்ந்தது. பறப்பு நின்றது. பிறகு பேச்சுவார்த்தையோடு முடிந்துபோனது. இப்படிப்பட்ட உத்தரவை முறையாகப் பதிந்து அறிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஷோர்ஹாமுக்குப் பிறகுதான் வந்தது. ஏற்கெனவே கைவசமிருந்த தகவல் ஒன்று, உட்கார வேண்டிய கதிரை இல்லாமல் அலைந்து போயிருக்கிறது.

2007இல் இதே ஷோர்ஹாம் காட்சியில் ஹரிக்கேன் என்ற இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்று கீழே விழுந்து விமானி இறந்திருந்தார். அதை நினைத்தாலே எனக்குக் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல்தான் கண்ணில் வரும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ஹரிக்கேன்கள் அந்தத் திடலிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும்தான் எழும்பின.

டலஸ்

2022 நவம்பர் 12 அன்று டெக்சாஸின் டலஸில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 போர்விமானமும் வானில் மோதின. பி-17இல் ஐவர், பி-63இல் ஒருவர், ஆறு பேரும் இறந்தார்கள். துண்டுகள் நெடுஞ்சாலை வரைக்கும் பறந்தும் தரையில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அங்கே பழுதானது இயந்திரமும் அல்ல, தனி ஒருவரின் கரணமும் அல்ல. பல விமானங்கள் ஒரே நேரத்தில் மேலே இருந்தன. போர்விமானங்கள் ஒரு கோட்டில், குண்டுவீச்சு விமானங்கள் இன்னொரு கோட்டில் என்று கிடையாகப் பிரித்திருந்தார்கள். இவர்கள் இந்த உயரம், அவர்கள் அந்த உயரம் என்று நெட்டாக ஒரு பிரிப்பு, பறப்புக்கு முந்திய விமானிகள் கூட்டத்திலேயே பேசப்படவில்லை. தரையில் நின்ற 'எயார் பொஸ்' அந்தந்தக் கணத்தில் றேடியோவில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்பதே கடைசி அரண். திரும்பிச் சாய்ந்து வருகிற போர்விமானத்தின் கொக்பிட்டிலிருந்து எதிரே என்ன தெரியும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மாதிரி கட்டிப் பார்த்தது. தெரிந்தது கொஞ்சம்தான். முன்கூட்டியே வகுத்த பிரிப்புத் திட்டம் இல்லாததே காரணமென்று 2024இல் முடிவு வந்தது. ஒரு காகிதம், இரண்டு உயரம். அவ்வளவு மலிவான தடுப்பு.

பிறகு வந்த தீர்ப்புகள்

ஷோர்ஹாம் விபத்துக்கு இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஹண்டர்களை நிறுத்தியது. பழைய ஜெட்கள் தரைக்கு மேலே கரணம் போடாமல் நேராகக் கடந்துபோகலாம், அவ்வளவே என்றது. 2016இல் முழு மீளாய்வு. தூரங்கள் கூடின, காட்சி இயக்குநர்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயமானது, கட்டணமும் ஏறியது. சிறிய காட்சி நடத்துகிறவர்கள் புலம்பினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தொண்டு நிதிக்காகச் சனி ஞாயிறு நடத்துகிற விழாக்கள் அவை. ஷோர்ஹாமில் காட்சி அதோடு முடிந்தது.

வழக்கு தனிக் கதை. 2019 மார்ச்சில் நடுவர் குழு விமானியைப் பதினொரு குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தது. கரணத்தின்போது உடலை அழுத்தும் ஜி-விசையால் அவர் சிந்தனை மங்கியிருக்கலாம் என்பது எதிர்வாதம். 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, இவை சட்டவிரோதக் கொலைகள் என்று முடிவு சொன்னார். இரண்டும் ஒரே நாளைப் பற்றியவை, ஆனால் கேள்வியும் சான்றின் அளவுகோலும் வேறு. குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். மரண விசாரணைக்கு எது அதிகம் நிகழக்கூடியது என்ற அளவு போதும். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. விபத்து விசாரணையின் வேலை வேறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விசாரணை பழி சுமத்துவதற்கல்ல, தடுப்பதற்கே என்கிறது. அதனால்தான் எங்களால் அந்த அறிக்கையைப் படிக்க முடிகிறது.

கொழும்பில்

இங்கே நிலைமை கொஞ்சம் மாறுபடும். எங்கள் வான்காட்சிகளை நடத்துவது விமானப்படை. அதே சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பு, அரசின் இராணுவ விமானங்களை அதன் எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே 13ஆம் இணைப்பின்படியான விசாரணை இவற்றுக்குக் கட்டாயமில்லை. 2011 மார்ச் 1 அன்று, விமானப்படையின் 60ஆம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில், கம்பஹா மாவட்டத்தின் வானில் இரண்டு கிபிர் போர்விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். அன்றும் அது ஒத்திகை, கீழே ஊர்மனைகள். (கிபிர் என்ற சொல்லுக்கு, போரைக் கண்ட எங்கள் வீடுகள் பலவற்றில் வேறு அர்த்தம் உண்டு. ஒத்திகைச் சத்தத்துக்கு ரசித்து வெளியே ஓடுகிறவர்களும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவர்களும் ஒரே மாடிக்கட்டடத்தில்தான் இருக்கிறோம்.)

காலிமுகத் திடலுக்குக் கடல் என்ற பெரிய வரம் இருக்கிறது. கரணமெல்லாம் தண்ணீருக்கு மேலே போடலாம். ஷோர்ஹாமில் வீதி இருந்த பக்கத்தில் அந்த வசதி இருக்கவில்லை. ஆனால் கடல் திடலுக்கு முன்னால் மட்டும்தான். விமானம் அணிவகுத்து வருகிற வழியும், திரும்பிப் போகிற வழியும் எங்கே? ஒரு பக்கம் துறைமுக நகரம். மறுபக்கம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கரையை ஒட்டி நெருக்கிய மாடிகள், நடுவில் நிரம்பி வழிகிற கரையோர ரயில். இவற்றோடு திடலின் பட்டங்களும் காகங்களும். ஒரு காகம் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று பெரியப்பாவிடம் கேட்டால் ஒரு மணிநேரம் போய்விடும்.

இதையெல்லாம் வைத்து எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "நிகழ்விடத்துக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் – எங்கே, எத்தனை பேர், யார் பொறுப்பு?" போன வருடம் கடற்கரை விருந்து ஒன்றுக்குக் காப்புறுதி கேட்டு ஒரு ஏற்பாட்டாளர் வந்தார். சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து பூத் தூவும் என்பது நிகழ்ச்சியில் இருந்தது. ஓடுபாதை, எரிபொருள், விமானி அனுமதி, தீயணைப்பு எல்லாம் அழகாக நிரப்பியிருந்தார். அந்த ஒரு வரியில் மட்டும் பூச்சியம்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். "தம்பி, ரயில் பாதையோரம் ஆட்கள் நிற்க மாட்டார்களா?"

"நிற்பினம் அண்ணா. நிறையப் பேர் நிற்பினம். ஆனால் அவையள் எங்கட விருந்துக்கு வந்த ஆக்கள் இல்லையே."

படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். பூத் தூவுவதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பியிருந்தார். அந்த வரியில் இன்னும் பூச்சியம்தான்.